புண் காட்டும் கண்: ‘மோண்டோ’ ஆவணப்படங்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. ஒளியையும் ஒலியையும் ஒருசேரப் பதிந்து திரையில் காட்டும் கலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பிறந்த இம்மொழி, அக்கலைக்கென்றே சொல்லப்பட்டது போல அமைந்திருப்பது வியப்பிற்குரியது. கதைப்படத்தைக் காண்போர் அது கற்பனை என்பதை அறிந்தே காண்கின்றனர். ஆவணப்படத்தைக் காண்போரோ, திரையில் தோன்றுவது நடந்தது என்று நம்பியே காண்கின்றனர். அந்நம்பிக்கையையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்த படவகை ஒன்று 1960-களில் இத்தாலியில் தோன்றி உலகெங்கும் பரவிற்று. ஒரு நாட்டின் அழுக்கையும் கொடுமையையும் விந்தைப் பழக்கங்களையும் மட்டும் தேடிச் சேர்த்து, ‘இதுவே இந்நாடு’ என்று காட்டுவது அதன் இயல்பு. திரைப்பட வரலாற்றாசிரியர்கள் இதனை ‘மோண்டோ’ வகை என்பர்.

இப்படங்கள் காட்டுவன யாவும் பொய் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றுள் மெய்யான காட்சிகள் பலவுண்டு. மெய்யான காட்சிகளைக் கொண்டே ஒரு மக்கட்கூட்டத்தைப் பழிக்கவியலும் என்பதை முதற்கண் காட்ட விழைகிறோம். அப்பழியை இனங்காணும் அளவுகோல் நம் மரபிலேயே உளது என்பதும், அவ்வளவுகோலை நமக்கு உவப்பான படங்களின் மீதும் வைத்துப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும் என்பதும் அதன்பின் ஆராயப்பெறும்.

படவகைக்கு முன்னோடியான நூல்

இவ்வகைப் படங்களுக்கு முன்பே இவ்வகை நூல்கள் இருந்தன. அமெரிக்கரான காதரின் மேயோ 1927-இல் வெளியிட்ட ‘மதர் இந்தியா’ நம் நாட்டார் நன்கறிந்த சான்று. குழந்தை மணம், தீண்டாமை, மகப்பேற்றுக் கால அவலங்கள் முதலியவற்றைத் திரட்டி, இத்தகைய மக்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்ற முடிவுக்குப் படிப்போரை இட்டுச் சென்ற நூல் அது. காந்தியடிகள் அதே ஆண்டில் ‘யங் இந்தியா’ இதழில் அதற்கு மதிப்புரை எழுதினார். சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று அதற்குத் தலைப்பிட்டார்.

அம்மதிப்புரையில் பலரும் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. அயல்நாட்டார் முன் வைக்கத் தகாத அந்நூலை இந்தியர் ஒவ்வொருவரும் படித்து ஓரளவேனும் பயன் பெறலாம் என்பதும் அடிகளின் கருத்தாக இருந்தது. சாக்கடை இல்லை என்று அவர் சொல்லவில்லை. சாக்கடையைத் தூய்மை செய்ய வேண்டியவன் அதனைக் காண்பது வேறு, அயலான் ஏளனத்திற்காகக் காண்பது வேறு என்பதே அவர் செய்த பாகுபாடு. பின்னர் 1957-இல் இயக்குநர் மெஹ்பூப் கான் அதே பெயரைத் தம் திரைப்படத்திற்கு இட்டு, வறுமையிலும் மானம் காத்த ஓர் உழவர்குலத் தாயைக் காட்டினார். பழிக்கப் பயன்பட்ட பெயர், பெருமைக்குரிய பெயராக மாறிற்று.

‘மோண்டோ கானே’யின் தோற்றம்

1962-ஆம் ஆண்டு வெளிவந்த ‘மோண்டோ கானே’ என்ற இத்தாலியப் படமே இவ்வகைக்குப் பெயர் தந்தது. அப்பெயருக்கு ‘நாயுலகம்’ என்பது பொருள். இத்தாலிய மக்கள் சலிப்பில் உதிர்க்கும் வசைச்சொல்லும் அதுவே. இதழாளராக இருந்த குவால்தியேரோ ஜகோபெட்டி, பிராங்கோ பிராஸ்பெரி, பாவ்லோ கவாரா ஆகிய மூவர் இதனை உருவாக்கினர். கதையோ தொடர்ச்சியான மாந்தரோ இப்படத்தில் இல்லை. நியூகினியின் பன்றி விருந்து, தைபேயின் நாயிறைச்சிக் கடை, அமெரிக்காவின் செல்லப்பிராணிக் கல்லறை, தென் இத்தாலியில் தம் கால்களைக் கீறிக்கொண்டு குருதி சிந்தும் சமயச் சடங்கினர் என்று உலகின் பல மூலைகளிலிருந்து எடுத்த துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

இப்படம் அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இதன் இசையிலிருந்து பிறந்த ‘மோர்’ என்ற பாடல் உலகப் புகழ் பெற்று ஆஸ்கர் விருதுக்கும் முன்மொழியப்பட்டது. பணம் குவிந்தது. பணம் குவிந்த வழியில் பின்பற்றுவோர் பெருகினர். ‘மோண்டோ’ என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய படங்கள் அடுத்தடுத்து வெளியாயின.

இப்படத்தால் காயமுற்ற ஒருவரை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். பிரெஞ்சு ஓவியர் ஈவ் கிளைன், தம் ஓவிய முறையை மதிப்புடன் காட்டப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் படப்பிடிப்பிற்கு இசைந்தார். கான் விழாவில் படத்தைக் கண்டபோதுதான் தம் கலை நகைப்புக்குரிய பொருளாக்கப்பட்டதை அறிந்தார். அன்றே அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அடுத்த மாதம், 1962 ஜூன் 6-ஆம் நாள், 34-ஆம் வயதில் அவர் மறைந்தார். இவ்விரண்டிற்கும் காரணகாரியத் தொடர்பு உண்டென்று நாம் துணியவில்லை. தாம் எவ்வாறு காட்டப்படுவோம் என்பதை அறியாமலே இசைவு தந்தவர் நிலை இதுவென்பதே நாம் சொல்ல வருவது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ஓவியருக்கே இந்நிலை எனின், படம் என்பது இன்னதென்றே அறியாத மலைநாட்டு மக்களின் இசைவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பொய் புகும் வாயில்கள்

இவ்வகைப் படங்களில் பொய் எவ்வழியே புகுகிறது என்பதை ஆராய்வோம். அதற்கு நான்கு வாயில்கள் உள்ளன.

முதலாவது, காட்சிகளை அடுக்கும் முறை. அமெரிக்காவின் பாசடீனா நகரில் இறந்த நாய்களுக்குக் கல்லறை எழுப்பிக் கண்ணீர் வடிப்போரை ‘மோண்டோ கானே’ காட்டுகிறது. அடுத்து, தைபே நகரில் உணவுக்காகக் கூண்டிலடைக்கப்பட்ட நாய்களைக் காட்டுகிறது. இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். அவற்றை அடுத்தடுத்து வைத்த கை, ஒருவனைப் பேதை என்றும் மற்றவனைக் கொடியவன் என்றும் சொல்லாமற் சொல்லிவிடுகிறது. இருவருள் எவரும் மற்றவரை அறியார். ஒருவரோடு ஒருவர் ஒப்பிடப்படுவதையும் அறியார்.

இரண்டாவது, விளக்கவுரை. பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 23 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. ‘மோண்டோ கானே’யில் ஓர் ஆமை மணலில் ஊர்ந்து செல்கிறது, கதிர்வீச்சால் திசையுணர்வை இழந்து, கடலென்று எண்ணி நிலத்தின் உள்ளே செல்வதாகக் குரல் கூறுகிறது. கருவி பதிந்தது மணலில் செல்லும் ஆமையை மட்டுமே. அது செல்வதற்கான காரணம் குரலிலிருந்து வந்தது. காட்சியைக் கண்ட கண்ணோ, காரணத்தையும் தானே கண்டதாக எண்ணிக்கொள்கிறது.

மூன்றாவது, இசை. அவலக் காட்சியின் மீது இனிய இசையையும், எளிய மக்களின் சடங்கின் மீது கேலியிசையையும் ஒலிக்கச் செய்தால், பார்வையாளன் சிந்திப்பதற்கு முன்பே அவன் உள்ளம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நான்காவது, புனைந்தமைத்தல். 1963-இல் வியட்நாமில் பௌத்தத் துறவியர் தீக்குளித்த செய்தி உலகை உலுக்கியது. அதே ஆண்டு வெளிவந்த ‘மோண்டோ கானே’யின் இரண்டாம் பாகத்தில் இடம்பெற்ற துறவியின் தீக்குளிப்பு, படத்திற்காகச் செயற்கையாக அமைக்கப்பட்டதாகும். 1978-இல் அமெரிக்காவில் வெளியாகிப் பெயர் பெற்ற ‘பேசஸ் ஆஃப் டெத்’ படத்திலும் சாவுக் காட்சிகள் பல நடித்து எடுக்கப்பட்டவையே.

புனைந்தமைத்தல் மட்டுமே குற்றமாகாது என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. ஆவணப்படத்தின் தந்தையருள் ஒருவராகக் கருதப்படும் ராபர்ட் பிளாகர்ட்டி, 1922-இல் எடுத்த ‘நானூக்’ படத்தில் பனிவீட்டின் உட்புறத்தைக் காட்ட வெளிச்சம் போதாமையால், ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டச் செய்தார். அதுவும் அமைத்ததே. எனினும் அங்கு அமைப்பு, அம்மக்களின் திறனைக் காட்டப் பயன்பட்டது. எதற்காக அமைத்தனர் என்ற வினாவே முதன்மையானது.

ஒரு நாட்டின் மீது சாட்டிய குற்றம்

‘மோண்டோ’ வகையினர் ஏழை நாடுகளையே குறிவைத்தனர் என்று எண்ணுதல் பொருந்தாது. 1968-இல் லூயிஜி ஸ்கட்டினி இயக்கிய ‘ஸ்வீடன்: நரகமும் சொர்க்கமும்’ என்ற படம், ஐரோப்பாவின் வளமிக்க நாடொன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. கட்டற்ற பாலுறவு, போதைப்பொருள், குடி, தற்கொலை ஆகியன மட்டுமே அந்நாட்டின் வாழ்வு என்பது போலக் காட்சிகள் கோக்கப்பட்டன.

இப்படம் வெறும் வெளியில் முளைக்கவில்லை. ஸ்வீடன் 1955-இல் பள்ளிகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கிய நாடு. 1960-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், அந்நாட்டின் பெயரைக் கூறாமல், நலவாழ்வு அரசின் கீழ் மக்களிடையே தற்கொலையும் குடியும் பெருகிவிட்டன என்று குறிப்பிட்டிருந்தார். எனவே பார்வையாளர் மனத்தில் முன்பே ஊன்றியிருந்த எண்ணத்திற்கே படம் நீர் வார்த்தது. அறியாத ஒன்றைக் கற்பிக்க இவ்வகைப் படங்கள் முனைவதில்லை. அறிந்ததாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதை உறுதிசெய்து மகிழ்வூட்டுவதே அவற்றின் தொழில்.

ஸ்வீடன் 1749 முதலே தன் மக்களின் பிறப்பையும் இறப்பையும் முறையாக எண்ணிப் பதிந்துவரும் நாடு. தன் நோயைத் தானே எழுதி வைக்கும் நாட்டின் குறிப்பேடு, அயலார் கையில் குற்றப்பத்திரிகையாக மாறுகிறது. நோயை எழுதி வைக்காத நாடோ நலமுடையது போலத் தோன்றிவிடுகிறது.

அப்படத்தின் ஒரு காட்சிக்குப் பியெரோ உமிலியானி அமைத்த ‘மா நா மா நா’ என்ற மெட்டு, 1969-இல் அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’டில் இடம்பெற்று, பின்னர் உலகக் குழந்தைகள் பலர் பாடும் மெட்டாயிற்று. படம் மறக்கப்பட்டது, மெட்டு நிலைத்தது. ஆயினும் படம் ஊன்றிய எண்ணம் எளிதில் மறையவில்லை. நம் மேடைகளிலும் மேலைநாட்டு வாழ்வு முழுவதையும் ‘ஒழுக்கக்கேடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவோர் உளர். அச்சொல்லின் ஊற்றுக்கண்களை ஆராய்ந்தால் இத்தகைய படங்களும் அவற்றின் வழிவந்த செய்திகளும் அங்கே இருத்தல் கூடும். நம்மைப் பற்றிப் பிறர் அவ்வாறு பேசும்போது நாம் வருந்துகிறோம். பிறரைப் பற்றி நாம் அவ்வாறு பேசும்போதும் அதே வருத்தம் நமக்கு எழவேண்டும்.

‘ஆப்பிரிக்கா அடியோ’வும் ஜான்சிபார் துயரும்

இனி, இவ்வாய்வின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறோம். ஜகோபெட்டியும் பிராஸ்பெரியும் 1966-இல் வெளியிட்ட ‘ஆப்பிரிக்கா அடியோ’, ஐரோப்பிய ஆட்சி விலகிய ஆப்பிரிக்காவைக் காட்டும் படம். தலைப்பின் பொருள் ‘ஆப்பிரிக்காவே, விடைகொடு’ என்பதாகும். வெள்ளையர் சென்றபின் எஞ்சியது கொலையும் கொள்ளையும் விலங்கு வேட்டையுமே என்பது படம் முழுவதும் இழையோடும் கருத்து. காங்கோவில் நிகழ்ந்த மரண தண்டனை ஒன்று படப்பிடிப்பின் வசதிக்கேற்ப நிறைவேற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டு இத்தாலியில் எழுந்தது. ஜகோபெட்டி விசாரணைக்கு உள்ளாகி, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். எனவே அக்குற்றத்தை நாம் அவர்மீது சுமத்துதல் முறையன்று. ஆயினும் ‘மோண்டோ கானே’யின் மூவருள் ஒருவரான பாவ்லோ கவாரா 1967-இல் ‘காட்டுக்கண்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதைப்படம் எடுத்தார். அதிர்ச்சியூட்டும் காட்சிக்காக எதனையும் செய்யத் துணியும் ஆவணப்பட இயக்குநரே அதன் தலைமாந்தர். உடனிருந்தவரே எழுப்பிய ஐயம் அது.

அந்த ‘ஆப்பிரிக்கா அடியோ’வில்தான் ஜான்சிபார் காட்சிகள் உள்ளன. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரத் தீவான ஜான்சிபார் 1963 டிசம்பர் 10-இல் விடுதலை பெற்றது. 1964 ஜனவரி 12-இல் எழுந்த கிளர்ச்சியில் சுல்தான் ஜம்ஷீது பின் அப்துல்லாஹ்வின் ஆட்சி வீழ்ந்தது. தொடர்ந்து நிகழ்ந்த கொலைகளில் அரபு வழியினரும் இந்திய வழியினரும் பெருந்தொகையாக மாண்டனர். மாண்டோர் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. இத்துயரத்தின் அசையும் படச்சான்றாக எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது, இப்படக்குழுவினர் வானூர்தியிலிருந்து பதிந்த காட்சிகளே. கூட்டமாக நடத்திச் செல்லப்படும் மக்கள், குழிகள், கடற்கரையில் கிடக்கும் உடல்கள் ஆகியவற்றை அவற்றில் காண்கிறோம்.

இங்கு நமக்கு ஒரு சோதனை நேர்கிறது. இறந்தவர்களுள் மிகப் பலர் நம் மார்க்கச் சகோதரர்கள். அவர்தம் துயரை உலகம் மறந்துவிடாதபடி சான்று தருவது இப்படம். எனவே மற்ற இடங்களில் இதனைப் பழித்துவிட்டு, இவ்விடத்தில் மட்டும் இதனை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? அவ்வாறு ஏற்பது எளிது. நம் உணர்வுக்கு உகந்ததும் கூட. ஆயினும் அது நேர்மையாகாது என்பதே நம் துணிபு.

வானிலிருந்து எடுத்த காட்சியில் உடல்கள் தெரிகின்றன, காரணங்கள் தெரிவதில்லை. ஜான்சிபார் ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும் அடிமைச் சந்தை. அச்சந்தை 1873-இல்தான் மூடப்பட்டது. அதன் பின்னரும் கிராம்புத் தோட்டங்கள் பெரிதும் அரபு வழி நிலக்கிழார் கையிலேயே இருந்தன. 1963 ஜூலைத் தேர்தலில் ஆப்ரோ-ஷிராசி கட்சி ஏறத்தாழ 54 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும், 31 இடங்களுள் 13 இடங்களையே அடைந்தது. கொன்றோருள்ளும் கொல்லப்பட்டோருள்ளும் முஸ்லிம்கள் இருந்தனர். ஏனெனில் அத்தீவின் மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்களே. ஆதலின் இதனை மதப்போராகக் காட்டுதலும் பிழை. ‘கறுப்பர் ஆளத் தகுதியற்றவர்’ என்பதற்குச் சான்றாகக் காட்டுதலும் பிழை. இவற்றுள் எக்காரணமும் அக்கொலைகளை நியாயப்படுத்தாது. காரணத்தை அறிவது கொலையை மன்னிப்பதாகாது.

ஆகவே, காட்சியைச் சான்றாக ஏற்போம். அதன்மேல் ஏற்றப்பட்ட வாதத்தை மறுப்போம். அரபு மக்களின் உடல்களைக் காட்டி ஆப்பிரிக்க மக்களைப் பழிக்கும் படம், இறந்தவர்க்கும் நீதி செய்யவில்லை. அவர்தம் பெயர், குடும்பம், வாழ்ந்த தெரு ஆகியவற்றுள் ஒன்றையேனும் வானூர்தியின் உயரத்திலிருந்து அது கேட்டறியவியலாது.

இனவெறிப் படம் என்ற பழியைத் துடைக்க இவ்விருவரும் அடுத்து எடுத்தது, அமெரிக்க அடிமை முறையைச் சித்திரிக்கும் ‘அடியோ சியோ தொம்’. 1971-இல் வெளிவந்த இப்படத்தின் பெரும்பகுதி, பிரான்சுவா துவாலியேயின் கொடுங்கோல் ஆட்சியின்கீழ் இருந்த ஹெய்ட்டியில், அவ்வாட்சியின் ஒத்துழைப்புடன் எடுக்கப்பட்டது. அடிமைத்தளையைத் தாமே போராடி அறுத்து 1804-இல் விடுதலை பெற்ற மக்களின் வழித்தோன்றல்கள், அடிமைகளாக நடிப்பதற்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டனர். கொடுமையைக் கண்டிக்கப் போவதாகச் சொன்ன படமே, மறுத்துரைக்க இயலாத மக்களின் உடலை மலிவாகப் பயன்படுத்திற்று.

நம் மரபு தரும் அளவுகோல்

இத்தகைய படங்களை எடைபோட நமக்கு அயல்நாட்டுக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத், கொண்டுவரப்படும் செய்தியை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று 6-ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறது. ஆராயாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்தலை 11-ஆம் வசனமும், துருவித் துருவி ஆராய்தலையும் புறம் பேசுதலையும் 12-ஆம் வசனமும் தடுக்கின்றன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புறம் பேசுதலுக்குத் தந்த வரையறை இவ்வாய்வுக்குப் பெரிதும் துணைசெய்வது. ஒருவரிடம் மெய்யாகவே உள்ள குறையை, அவர் வெறுக்கும் வண்ணம் அவர் இல்லாதவிடத்துப் பேசுவதே ‘கீபத்’. இல்லாத குறையை இருப்பதாகக் கூறுவதோ ‘புஹ்தான்’ என்னும் அவதூறு. இப்பாகுபாட்டைப் படங்களின்மீது பொருத்திப் பார்ப்போம். செயற்கையாக அமைத்த தீக்குளிப்பு அவதூறின் பாற்படும். உண்மையாகவே நிகழ்ந்த சடங்கை ஏளனக் குரலோடு காட்டுவது கீபத்தின் பாற்படும். ‘நான் காட்டியது உண்மைதானே’ என்பது இவ்வகைப் படைப்பாளர் வழக்கமாகக் கூறும் விடை. உண்மையாக இருப்பதனாலேயே அது புறம். உண்மையன்றேல் அதனினும் கொடிய அவதூறு என்பதே மார்க்கம் தரும் மறுமொழி. வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருப்பதும் இவ்வறம் நம் மண்ணிலும் வேரூன்றியது என்பதற்குச் சான்று.

தமிழ்க் காப்பிய மரபையும் ஈண்டு நினைவுகூரலாம். காப்பியப் புலவர் நாட்டுப் படலத்தில் ஒரு நாட்டை அதன் வளத்தால் அறிமுகம் செய்வர். உமறுப்புலவரும் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப் படலம் அமைத்து, அரபு நாட்டிற்குத் தமிழகத்து மருத வளத்தை ஏற்றிப் பாடினார். அதுவும் தேர்ந்தெடுத்துக் காட்டுவதே, நடப்பியல் அன்று. ஆயின் படிப்போர் அதனைக் கவிமரபு என்று அறிவர். ‘மோண்டோ’ படமோ தலைகீழான நாட்டுப் படலம். தன்னை மரபு என்று ஒப்புக்கொள்ளாமல் மெய்யென்று சாதிக்கிறது.

குறை காட்டுதல் குற்றமா?

இங்கு ஒரு தடை எழலாம். நாட்டின் குறையைக் காட்டவே கூடாதெனின் சீர்திருத்தம் எவ்வாறு பிறக்கும்? அதிகாரத்தில் இருப்போர், தமக்கு ஒவ்வாத உண்மையைக் காட்டும் படங்களையெல்லாம் ‘நாட்டிற்கு இழிவு’ என்று தடுத்துவிடுவார்களே? இது மறுக்கவியலாத தடை. இதற்கு விடை காண மூன்று படைப்புகளை நோக்குவோம்.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968-இல் இந்தியாவில் சுற்றி எடுத்த படச்சுருள்களிலிருந்து ஏழு பகுதிகள் கொண்ட ‘மாய இந்தியா’ உருவாயிற்று. அதன் ஒரு பகுதி சென்னையில் கண்டவற்றைப் பற்றியது. 1970-இல் பி.பி.சி. அதனை ஒளிபரப்பியபோது, இந்தியாவின் வறுமையையே காட்டுகிறது என்ற எதிர்ப்பு எழுந்து, தில்லியிலிருந்த பி.பி.சி. அலுவலகம் மூடப்பட்டது. ஆயின் அப்படத்தின் முதற்பகுதியிலேயே, தம் கருவியால் இந்நாட்டைப் புரிந்துகொள்ள இயலுமா என்ற ஐயத்தை மால் தம் குரலாலேயே வெளியிடுகிறார். அவர் முடிபுகள் பலவற்றோடு நாம் மாறுபடலாம். தம் அறிவின் எல்லையை அறிவிக்கும் படத்தையும், எல்லாம் அறிந்ததாகப் பேசும் படத்தையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. சினம் மூண்டவிடத்து இப்பாகுபாடு மறைந்துவிடுகிறது.

குவாஜா அஹ்மத் அப்பாஸ் நம் நாட்டினரே. 1968-இல் அவர் எடுத்த ‘நான்கு நகரங்களின் கதை’ என்ற ஆவணப்படம் பம்பாய், கல்கத்தா, சென்னை, தில்லி ஆகிய நகரங்களின் செல்வத்தையும் அச்செல்வத்தின் நிழலில் வாடுவோரையும் எதிரெதிரே நிறுத்தியது. பம்பாயில் உடலை விற்று வாழும் பெண்களின் தெருவைக் காட்டியதால், அனைவரும் காணத்தக்கது என்ற சான்றிதழ் அதற்கு மறுக்கப்பட்டது. அப்பாஸ் உச்சநீதிமன்றம் சென்றார். தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லாஹ் தலைமையிலான அமர்வு 1970 செப்டம்பர் 24-இல் தீர்ப்பளித்தது. திரைப்படங்களுக்கு முன்தணிக்கை செல்லும் என்று ஏற்ற அத்தீர்ப்பு, கலைக்கும் ஆபாசத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தணிக்கை நெறிகள் கருத்திற் கொள்ளவேண்டும் என்றும் வலியுறுத்தியது. கருப்பொருள் இழிவானது என்பதனால் மட்டும் படைப்பு இழிவானதாகிவிடாது என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

மூன்றாவது படைப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் 1963-இல் எடுத்த ‘போரோம் சாரெத்’ இருபது நிமிடமே ஓடும் படம். இது கதைப்படமேயாயினும், தக்கார் நகரின் உண்மைத் தெருக்களில் ஓர் ஏழை வண்டிக்காரனின் ஒருநாள் வாழ்வைக் காட்டுவது. அவன் தொழுதுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறான். ஒருவன் தன் இறந்த குழந்தையை அடக்கம் செய்ய அவ்வண்டியில் எடுத்துச் செல்கிறான். தாள்கள் சரியில்லை என்று இடுகாட்டில் தடுக்கப்படுகிறான். மாட்டுவண்டி போலவே குதிரைவண்டியும் நுழையக் கூடாத செல்வர் பகுதிக்கு ஒருவரை ஏற்றிச் சென்றதால் வண்டிக்காரன் தன் வண்டியையே இழந்து, வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவின் அவலமே இங்கும் பொருள். ‘ஆப்பிரிக்கா அடியோ’ எடுக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே நாம் கேட்பது வண்டிக்காரனின் உள்ளக்குரல். அவன் காட்டப்படும் பொருளாக மட்டும் நிற்காமல், பேசுபவனாகவும் இருக்கிறான். செம்பேன் 1965-இல் பிரெஞ்சு ஆவணப்பட அறிஞர் ஜான் ரூஷுடன் நடத்திய உரையாடலில், ஆப்பிரிக்கரைப் பூச்சிகளைப் போல் நோக்குவதாக அவரைச் சாடியதும் இக்கருத்துப் பற்றியே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. ஒரு நாட்டின் புண்ணைக் காட்டுதல் குற்றமன்று. மருத்துவனும் புண்ணைத் திறந்தே பார்க்கிறான். வித்தை காட்டுபவனும் திறந்தே காட்டுகிறான். ஒருவன் ஆற்றுவதற்கும் மற்றவன் காசுக்கும் திறக்கின்றனர். இவ்விருவரையும் பிரித்தறிய, இத்தகைய படத்தைக் காணும் மாணவர் சில வினாக்களைத் தம்முள் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. காட்டப்படுபவர் பேசுகிறாரா, அவருக்காக வேறொருவர் பேசுகிறாரா? காரணம் காட்சியில் உள்ளதா, குரலில் உள்ளதா? இக்காட்சிக்கு முன்னும் பின்னும் இருந்தவை யாவை? எடுத்தவர், தம் தாயோ தங்கையோ அவ்விடத்தில் இருந்தால் இவ்வாறே எடுத்திருப்பாரா?

ஜகோபெட்டி 2011-இல் மறைந்தார். அவர் காலத்தில் இத்தகைய படமொன்றை எடுக்க வானூர்தியும் படச்சுருளும் பெரும்பொருளும் தேவைப்பட்டன. இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ள கைப்பேசி அத்தனையும் செய்கிறது. ஒரு தெருவில் நடந்த சண்டையை எடுத்து, ‘இந்த ஊரே இப்படித்தான், இந்தச் சமுதாயமே இப்படித்தான்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவோர் பெருகிவிட்டனர். அவ்வாறு வருவதை ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்புவோர் அவர்களினும் பலர். நம்மைப் பழிக்கும் காட்சி வந்தால் ‘பொய்’ என்கிறோம். பிறரைப் பழிக்கும் காட்சி வந்தால் ‘பார்த்தீர்களா’ என்கிறோம். ஜான்சிபார் காட்சிகளின் முன் நமக்கு நேர்ந்த அதே சோதனை, சிறிய உருவில் நாள்தோறும் நம் கையிலேயே நேர்கிறது. அச்சோதனையில் ஒரே அளவுகோலை இரு தரப்பிற்கும் வைப்பவரே கற்றவர் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.